ஆர்எக்ஸ் 135: ஊருக்குள் திணறுது, டிராக்கில் பிளக் வெளுக்குது

அண்ணன்களுக்கு வணக்கம். என் யமஹா ஆர்எக்ஸ் 135 டூ-ஸ்ட்ரோக் பைக்கில் 28 மி.மீ. ஃப்ளாட் ஸ்லைடு கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. வாரநாளில் ஆபீஸ், எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே. இரண்டுக்கும் ஒரே செட்டிங் ஒத்துவர மாட்டேன் என்கிறது.

இப்போது பைலட் ஜெட் (ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் துளை) 42, மெயின் ஜெட் (முழு ஆக்சிலேட்டருக்கானது) 115, இடைப்பட்ட ஆக்சிலேட்டருக்குப் பெட்ரோலை அளக்கும் நீடிலின் கிளிப் நடுக்காடியில், ஐடிலிங் காற்றைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று. ஐடிலிங் அருமை. ஆனால் பூந்தமல்லி நெரிசலில் கால்வாசி ஆக்சிலேட்டர் தாண்டியதும் படபடவென்று திணறிப் புகை கக்குகிறது. நடுவில் பெட்ரோல் அதிகம் என்றுதான் தோன்றுகிறது.

டிராக்கில் நேரெதிர். முழு ஆக்சிலேட்டரில் இழுத்து, அப்படியே கிளட்ச் பிடித்து இன்ஜினை ஆஃப் செய்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது! அதாவது, பெட்ரோல் போதவில்லை. பிஸ்டன் சீஸ் ஆகிவிடும் (சூட்டில் இறுகி நின்றுவிடும்) என்று பயந்து அன்றைக்கு அதோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மெயினை 120 ஆக்கி, கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றி நீடிலை இறக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? இல்லை, நீடிலையே மாற்ற வேண்டுமா? இப்போது போடுவது இ20 பெட்ரோல் (20% வரை எத்தனால் கலந்தது). எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை இன்னும் மெலியும். அதற்காக மெயினை இன்னொரு சைஸ் ஏற்றுவீர்களா? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தை முடிவு செய்யும் ஃப்ளோட்டின் உயரத்தை நான் இன்னும் தொடவே இல்லை, முதலில் அதையா பார்க்கணும்?

இதே செட்டப் ஓட்டுபவர்கள் உங்கள் ஜெட் நம்பர்களைப் போடுங்கள். அடுத்த டிராக் டேக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.