வீட்டு வைஃபையில் பேசுகிறது, கரையில் ஊமையாகிறது: வெப்ஆர்டிசி உதவி வேண்டும்

பாம்பன் பையன்:
பகலில் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறேன், ராத்திரியில் சொந்தமாக ஒன்று. மாமா கரையில் மீன் ஏலம் விடுபவர். ராமநாதபுரம், பரமக்குடி வியாபாரிகள் நாலைந்து பேர் போனிலேயே கேட்பார்கள். காதுக்கு ஒரு போனாக வைத்துக்கொண்டு அவர் கத்துவதைப் பார்க்கச் சகிக்காமல், எல்லாரும் ஒரே அறையில் பேச வெப்ஆர்டிசியில் (உலாவிகள் தங்களுக்குள் நேரடியாகக் குரல் அனுப்பும் வசதி) ஒரு வலைப்பக்கம் செய்தேன். ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. அதற்குள் முடிக்க ஆசை.

வீட்டில் இரண்டு லேப்டாப்பில் கணீரென்று கேட்கிறது. கரையில் மொபைல் டேட்டாவில் திறந்தால் ‘செக்கிங்’ என்று கொஞ்ச நேரம் நின்று ‘ஃபெயில்டு’ ஆகிறது. இணைப்பைப் பேசி முடிக்கும் ஆஃபர், ஆன்சர் செய்திகள் இரண்டும் வெப்சாக்கெட்டில் (சர்வரோடு திறந்தே இருக்கும் இணைப்பு) ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. போனுக்கு அதன் வெளி முகவரியைச் சொல்லும் ஸ்டன் சர்வரும் போட்டிருக்கிறேன். எங்கே தப்பு?

கீழக்கரைக்காரர்:
தம்பி, வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள். ஒரே வைஃபை என்பதால் உள் முகவரியிலேயே இணைந்துவிட்டன, ஸ்டன்னுக்கு வேலையே வரவில்லை. மொபைல் டேட்டாவில் ஒரு பொது ஐபியைப் பல பேர் பங்கு போடுகிறார்கள். அந்தப் பங்கீட்டைச் செய்யும் நாட், ஆளுக்கு ஆள் போர்ட் மாற்றும் ‘சிமெட்ரிக்’ வகையாக இருந்தால் ஸ்டன்னிடம் பேச ஒரு போர்ட், எதிராளியிடம் பேச வேறு போர்ட். ஸ்டன் சொன்ன கதவை எதிராளி தட்டினால் திறக்க ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் அப்படியென்றால் நடுவில் குரலை வாங்கிக் கடத்தும் டர்ன் சர்வர் இல்லாமல் ஆகாது. கோடர்ன் என்ற டர்ன் மென்பொருளைப் போடுங்கள்.

தொண்டி:
குறுக்கே ஒரு வார்த்தை. ஆறு பேர் மெஷ், அதாவது ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் நேராக இணைவது என்றால் 15 இணைப்பு, ஒவ்வொரு போனும் குரலை 5 தடவை அனுப்பும். உடனே எஸ்எஃப்யூ (ஒருவர் குரலை ஒரு தடவை வாங்கி எல்லாருக்கும் அனுப்பும் சர்வர்) வை என்று கிளம்புவார்கள். குரல் மட்டும்தானே, தாங்கும். வீடியோ வரும் அன்று யோசிக்கலாம். ஆனால் யார் முதலில் கேட்டார் என்பதைக் குரலுக்கு விடாதீர்கள். தொகையை வெப்சாக்கெட்டில் அனுப்பச் சொல்லி, சர்வருக்கு வந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சண்டை உங்கள் மாமா தலையில்தான் விடியும்.

பாம்பன் பையன்:
அது தோன்றவே இல்லை, செய்கிறேன். கீழக்கரைக் காக்கா (அண்ணே), கோடர்ன் போட்டு 3478 போர்ட்டைத் திறந்தேன். உலாவியின் வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் பக்கத்தில் பார்த்தால், டர்ன் வழியைக் காட்டும் ‘ரிலே’ என்ற வரியே இல்லை.

கீழக்கரைக்காரர்:
திறந்தது எந்த வகைப் போக்குவரத்துக்கு, டிசிபியா, யுடிபியா?

பாம்பன் பையன்:
டிசிபி. வலைத்தளத்துக்கு 443 திறந்த பழக்கம்.

கீழக்கரைக்காரர்:
பிடித்தாயிற்று. டர்ன் முகவரியில் டிசிபி என்று தனியாகச் சொல்லாவிட்டால் உலாவி யுடிபியில்தான் போகும். 3478-ஐ யுடிபிக்கும் திறங்கள், ரிலேவுக்கான யுடிபி 49152–65535 போர்ட்களையும் சேர்த்து. அப்புறம் எந்த வழியில் இணையலாம் என்று சொல்லும் ஐஸ் டிரான்ஸ்போர்ட் பாலிசியை ‘ரிலே’ என்று வையுங்கள். நேர் வழி அடைபடும். டர்ன் வேலை செய்கிறதா என்று வீட்டிலிருந்தே தெரியும். வெயிலில் கரைக்கு அலைய வேண்டாம்.

பாம்பன் பையன்:
பேசுகிறது! பாலிசியைப் பழையபடி மாற்றிவிட்டுக் கரையிலும் பார்த்தேன், பேசுகிறது. இன்னொன்று: ஒரு நிமிடம் யாரும் தொகை அனுப்பாமல் இருந்தால் வெப்சாக்கெட் அறுகிறது.

தொண்டி:
சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (வரும் இணைப்புகளை வாங்கிக் கடத்தும் மென்பொருள்) இருக்கிறதா? சும்மா கிடக்கும் இணைப்பை 60 வினாடியில் வெட்டுவது அதன் இயல்பு அமைப்பு. சர்வரிலிருந்து 30 வினாடிக்கு ஒரு பிங் (இணைப்பு சும்மா கிடக்காமல் இருக்க ஒரு சிறு செய்தி) விடுங்கள்.

பாம்பன் பையன்:
விட்டேன். பத்து நிமிடமாக அறவில்லை. மாமா ‘எந்தப் பொத்தானை அமுக்கணும்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.