ஏற்காடு ஃபிலிம் ரோல்: புதுப்பிப்பு

ஏற்காட்டில் எடுத்த கலர் ரோலை, விலை குறைவு என்று சேலத்தில் ஒரு கடையில் கழுவக் கொடுத்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். பிரிண்ட் எல்லாம் பச்சையடித்து, லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையின் பனிமூட்டம் அழுக்குச் சாம்பலாக வந்திருந்தது. ரோலே போச்சு என்று புலம்பினேன்.

அது பாதிதான் சரி. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தைத்தான். அங்குள்ள ஃபிலிம் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. நாம் படம் எடுத்த விதம் அவற்றைப் பாதிக்காது. அவை வெளிறியிருந்தால் கழுவியதில் கோளாறு: படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பர் வீரியம் இழந்திருக்கலாம், அதன் சூடு 37.8 டிகிரி செல்சியஸ், நேரம் 3 நிமிடம் 15 விநாடி என்ற கணக்கு தவறியிருக்கலாம். என்னுடையதில் எழுத்து அடர்த்தியாக, பளிச்சென்று இருந்தது. அப்பாடா!

அப்படியானால் நிறம் கெட்டது பிரிண்டில். வேறொரு இடத்தில் மறுபடி ஸ்கேன் செய்தேன். பனி வெள்ளையாகவே வந்தது, சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. பனியைப் பார்த்ததும் பிரிண்ட் போடும் எந்திரம் தானாகவே இருட்டாக்கிவிடும். ஆள் நின்று திருத்தினால்தான் சரியாகும்.

ஆனால் கீறல் போகவில்லை. பளபளப்பில்லாத பக்கத்தில், அதாவது மருந்துப் பூச்சுள்ள பக்கத்தில், நீளவாக்கில் ஒரே கோடு. ஏரிக்கரையில் அப்பா நிற்கும் படத்தில் அது நெற்றிக்குக் குறுக்கே ஓடுகிறது. இதே கேமராவில் எடுத்த மற்ற ரோல்களில் கோடே இல்லை. மனசு ஆறவில்லை.

கடைக்காரர் பிரிண்ட் காசைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா படத்தைக் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.