தாதியர் படிக்கும் இடத்து நூலகத்தில் இனி எனக்கு என்ன வேலை?

வெள்ளாங்குளத்தி:
வணக்கம். வன்னியில் தாதியர் படிக்கும் ஒரு இடத்தில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை கூட்டத்தில், எல்லாம் போனிலேயே கிடைக்கிறது, நூலக அறையில் பாதியை வேறு தேவைக்கு எடுக்கலாம் என்று கதை வந்தது. எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. இரவல் பதிவேட்டைப் பார்த்தால் இந்த மாதம் வெளியே போனது 11 புத்தகம்தான்.

ஆனால் அதே கிழமை ஒரு மாணவி வயல் கிராமமொன்றில் பாம்புக்கடி பற்றிப் பேசுவதற்குப் படம் வரைந்துகொண்டு வந்தாள். வட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து வரைந்தது. கடிவாய்க்கு மேலே கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறது, பக்கத்தில் பிளேட். உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கென்று 2016இல் வெளியிட்ட வழிகாட்டியை எடுத்துக் காட்டினேன். கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் அங்கேயே இருந்து புதுப் படம் வரைந்தாள். ஒரு மணித்தியாலம் போனது. இது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இதுதான் இனி என் வேலையா? அப்படியென்றால் எதைப் படிக்க வேண்டும்?

பழைய நூலகர்:
ஓம் தங்கச்சி, அதுதான் வேலை. நான் மருத்துவ நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணையான இன்டெக்ஸ் மெடிகஸின் தடித்த தொகுதிகளை மேசையில் விரித்து, விரலை வைத்து வரி வரியாகத் தேடிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. 1997இல் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இணையத்தளம் எல்லாருக்கும் இலவசமானதும் இனி நூலகர் எதற்கு என்று அப்போதும் கேட்டார்கள். நடந்தது என்னவென்றால், கட்டுரை கிடைக்கவில்லை என்று வந்தவர்கள் போய், ஆயிரக்கணக்கில் கிடைத்துவிட்டது, எதை நம்புவது என்று கேட்பவர்கள் வந்தார்கள்.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம் என்ற நூலகர் 1971இலேயே டொக்டர்மாரோடு வாட்டுக்குப் போகும் முறையைத் தொடங்கிவிட்டார். நீங்களும் கவுண்டரை விட்டு எழும்புங்கள். இரவல் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி வையுங்கள்: யார் கேட்டது, என்ன கேள்வி, எங்கே தேடினீர்கள், அதனால் என்ன மாறியது. அந்தப் பாம்புப் படத்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு போங்கள். ஹினாரி என்று 2002இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய திட்டம் இருக்கிறது, காசு கட்டி வாசிக்க வேண்டிய சஞ்சிகைகள் அதில் கிடைக்கும். தனியாள் பதிய முடியாது, நிறுவனம்தான் பதிய வேண்டும். உங்கள் இடம் தகுதி பெறுமா என்று பாருங்கள்.

வாட்_டொக்டர்:
பாம்பை வைத்தே சொல்கிறேன். நாங்கள் புடையன் என்று சொல்வதை இப்போதைய கட்டுரைகள் டபோயா ருசெலி என்று எழுதும், பழையவை வைபெரா ருசெலி என்று எழுதியிருக்கும். ஒரு பெயரை மட்டும் அடித்துத் தேடினால் பாதி போய்விடும், போனது தெரியவும் வராது. ஒரே பொருளின் வேறு வேறு பெயர்களை ஒரு தலைப்பின் கீழ் சேர்க்கும் பட்டியல் பப்மெட்டில் இருக்கிறது, அதற்கு மெஷ் என்று பெயர். அந்தத் தலைப்புகளை வைத்துத் தேடத் தெரிந்த நூலகர் இதை ஐந்து நிமிடத்தில் பிடிப்பார், நான் ஒரு மாதம் வீணாக்கினேன். முதலில் மெஷ் படியுங்கள் அக்கா.

இன்னொன்று, ஏஐயிடம் கேட்டு எடுத்த மேற்கோள்களோடு மாணவர்கள் வருகிறார்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் ஒழுங்காக இருக்கும், தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒருவர் வேண்டும், அந்த நேரம் எங்களிடம் இல்லை. ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வு செய்பவர்களுக்கு நீங்கள் தேடிக் கொடுத்தால், கட்டுரையில் உங்கள் பெயரையும் போடச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

முல்லைத்தீவுத் தாதி:
எனக்கு ஒரு குறை சொல்ல இருக்கிறது. நூலகரிடம் கேட்டால் 200 பக்க பீடிஎப்பை அப்படியே அனுப்புவார்கள். இரவு டியூட்டியில் சிக்னல் ஒரு கோடு நிற்கும் இடத்தில் அது இறங்கி முடிய விடிந்துவிடும். தேவையான ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்புங்கள், அது எந்த வழிகாட்டி, எந்த ஆண்டு என்று மேலே எழுதுங்கள். அப்புறம் தமிழ். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர், நூல்களையும் மொழிபெயர்த்தவர். இன்றைக்கு நோயாளியின் அம்மாவுக்குக் கொடுக்க நல்ல தமிழில் ஒரு தாள் தேடி அலைகிறோம். அதை யாராவது சேர்த்து வைத்தால் நான் தினமும் வருவேன்.

வெள்ளாங்குளத்தி:
எல்லாருக்கும் நன்றி. கொப்பி வாங்கிவிட்டேன். தமிழ்த் தாள்களுக்கு ஒரு றாக்கையை ஒதுக்கினேன், இப்போதைக்கு அதில் நாலுதான் இருக்கிறது. முல்லைத்தீவு அக்கா, உங்கள் வாட்டில் அதிகம் கேட்கப்படுவது எது என்று எழுதுங்கள், அதிலிருந்து தொடங்குகிறேன்.