ஓட்டு வீட்டை இடிப்பதா, மழைத்தண்ணீருக்கு வழி பார்ப்பதா?

குழித்துறை ஜெபா:
எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் அப்பா வீடு. தாத்தா கட்டிய ஓட்டு வீடு. கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்), உத்தரம் எல்லாம் அயனி மரம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் முற்றத்துப் பலா சரிந்து மேற்கு ஓரத்து ஓடுகள் உடைந்தன, மரச்சட்டம் அசையவில்லை. இப்போது தம்பி, இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறான். காரணம் கூரை இல்லை, தண்ணீர்.

சுற்றிலும் முன்பு தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நின்ற விளைகள், அதாவது தோட்டங்கள். எல்லைக்கு மண் கையாலைதான் (மண் சுவர்). தெற்குக் கையாலையில் ஒரு மடை உண்டு. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) எவ்வளவு பெய்தாலும் முற்றத்துத் தண்ணீர் அது வழியாக இறங்கிக் கீழே ஓடைக்குப் போய்விடும். அந்தத் தெற்கு விளை இப்போது பிளாட் ஆகிவிட்டது. லோடு லோடாக மண் அடித்து உயர்த்தி, ஹாலோ பிளாக்கில் மதில் கட்டிவிட்டார்கள். மடை அடைபட்டுப் போனது. வடக்கே ரோடும் கான்கிரீட் மேல் கான்கிரீட் போட்டு எங்கள் வாசல்படிக்குச் சமமாக வந்தாச்சு. மழை வலுத்தால் அடுக்களைப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர். கிணறு கலங்குகிறது. அடுக்களைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, சிமெண்ட் பூச்சு கையோடு பெயர்ந்து வருகிறது. அம்மா அங்கேதான் இருக்கிறார்கள்.

வீட்டின்மேல் ஒரு குறையும் இல்லை, சுற்றியுள்ள மண் உயர்ந்ததுதான் சிக்கல் என்பது என் எண்ணம். நாங்களும் உயர்த்திக் கட்டினால் அந்தத் தண்ணீர் கிழக்கு வீட்டு அத்தை முற்றத்துக்குப் போகும். தெற்கு வீட்டாரும் நல்லவர்கள், சண்டை வேண்டாம். என்ன செய்யலாம்?

ஆற்றூர் மணி:
அக்கா, அந்த அயனிச் சட்டத்தைப் பிரித்தால் அதுபோல மறுபடி அமையாது. நாங்கள் தச்சு வேலைக் குடும்பம். ஓட்டை இறக்கி, பாசியைச் சுரண்டிக் கழுவி, ரீப்பரை (ஓடு அடுக்கும் பட்டைச் சட்டம்) மட்டும் மாற்றி மேய்ந்தால் போதும். இறவாரத்தில் கழுக்கோல் முனைகளைக் கத்தியால் குத்திப் பாருங்கள். கத்தி இறங்கினால் அந்த முனையை மட்டும் வெட்டி ஒட்டு கொடுக்கலாம். மாசி, பங்குனியில் முடித்துவிட வேண்டும். அப்புறம், பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். தட்டி எடுத்துவிட்டு சுண்ணாம்பே பூசுங்கள். ஆனால் தண்ணீர் நிற்கிற வரைக்கும் எந்தப் பூச்சும் நிற்காது.

பழைய சர்வேயர்:
மகளே, உங்கள் இடம் மேடு, தெற்கு இடம் பள்ளம் என்றால் சட்டம் உங்கள் பக்கம். 1882 வசதியுரிமைச் சட்டம் 7ஆம் பிரிவில் இருக்கிறது: மேல் நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகக் கீழ் நிலத்துக்கு வழிவதைக் கீழ்நிலத்துக்காரர் விட்டுத்தர வேண்டும். ஆனால் வழக்கோடு தொடங்காதீர்கள். முதலில் பிரமாணத்தை (நிலப் பத்திரம்) எடுங்கள். 1956 நவம்பர் 1க்கு முன் நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் மலையாளத்தில்தான் இருக்கும். ஆண்டு 1120 என்று கண்டால் குழம்ப வேண்டாம். அது கொல்லம் ஆண்டு, 1944-45. நான்கெல்லை சொல்லுமிடத்தில் மடையோ நீர்ச்சாலோ வருகிறதா பாருங்கள். புலப்படமும் (நிலத்தின் சர்வே வரைபடம்) எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மதிலுக்கு அடியில் குழாய் போட்டு, எல்லையோரமாகவே ஓடை வரைக்கும் கொண்டுபோகலாம், செலவு எங்களுடையது என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

குழித்துறை ஜெபா:
ரொம்ப நன்றி. பிரமாணத்தை அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். கிழக்கு வீட்டு அத்தை கேரளத்துப் பாறசாலையிலிருந்து வந்தவர்கள், அவர்கள்தான் வாசித்துச் சொன்னார்கள். தெற்கெல்லையில் மடை வருகிறது! தம்பி இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. குழாய்க்குச் சம்மதம் கிடைத்தால் பார்க்கலாம் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தெற்கு வீட்டாரிடம் பேசப் போகிறோம். மணி, மாசியில் வந்து கூரையைப் பார்க்க முடியுமா? சர்வேயர் அண்ணாச்சி, முற்றமும் கூரைத் தண்ணீரும் சேர்ந்து போக ஆறு இன்ச் குழாய் போதுமா, எட்டு வேண்டுமா?