மறு: மறு: ஆற்றல் திறன், வேறு சொல் உண்டா? (வெள்ளிக்கிழமை அச்சு)

திருமங்கலம்:
வயர்மேன் வகுப்புக்குக் கையேடு மொழிபெயர்க்கிறேன். எனர்ஜி எஃபிஷியன்சிக்கு 'ஆற்றல் திறன்' என்று போட்டேன். "திறன்னா வாட்டுல சொல்றதுதானே சார்?" என்றான் ஒரு பையன். நியாயம்தான், பாடநூலில் பவரும் திறன்தான். 75 வாட் பழைய ஃபேனைவிட 28 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேனுக்குத் திறன் குறைவு, ஆனால் ஆற்றல் திறன் அதிகம் என்று எப்படி எழுத? அடுத்தது எனர்ஜி செக்யூரிட்டி. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியே வாங்குகிறோம், கப்பல் நின்றால் என்ன கதி என்கிற பாடம். 'ஆற்றல் பாதுகாப்பு' என்றால் ரப்பர் கையுறை என்கிறார்கள்.

மேலூர்:
பொன்+தாமரை பொற்றாமரையான ஊர்க்காரர்கள் நாம். ஆற்றல்+திறன் ஆற்றற்றிறன்தான், இடைவெளி எதற்கு? செக்யூரிட்டிக்கு வள்ளுவர் சொல் இருக்கிறது. 738ஆம் குறளில் நாட்டுக்கு அணியான ஐந்தில் ஒன்று ஏமம், அதாவது காவல். ஆற்றலேமம்!

செல்லூர்:
ஐயா, ஆற்றல் அற்ற திறனா அது? ஏமம் என்றால் எங்கள் தறிக்கூடத்தில் "யாரை ஏமாத்தப் போறீக?" என்பார்கள். 2012இல் கரண்ட் இருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணியவர்கள் நாங்கள். 'கரண்ட் சிக்கனம்' போதாதா?

திருமங்கலம்:
போதாதே. ஃபேனை நிறுத்தினால் சிக்கனம். அதே காற்று குறைந்த கரண்டில் வந்தால்தான் நான் கேட்கிற சொல்.

மேலூர்:
சிக்கனமே 'சிக்கென' என்பதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. 'சிக்கெனப் பிடித்தேன்' என்ற வாதவூரார், அதாவது மாணிக்கவாசகர், எங்கள் பக்கத்து ஊர்.

யாழ்ப்பாணம்:
எங்கட பாடநூல்களில எனர்ஜி சக்தி, பவர் வலு, எஃபிஷியன்சி வினைத்திறன். மோதலே வராது.

மேலூர்:
சக்தி வடசொல்.

செல்லூர்:
இங்கே சக்தி என்றால் மீனாட்சி என்றுதான் நினைப்பார்கள். ஒன்று சொல்லட்டுமா? 1990 முதல் பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம். பில்லே வராத தோட்டத்தில் நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும் பழைய மோட்டார்தான் ஓடும்.

திருமங்கலம்:
அச்சகத்தில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். எஃபிஷியன்சிக்கு டிரான்ஸ்ஃபார்மர் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிற 'பயனுறுதிறன்', செக்யூரிட்டிக்கு 'ஆற்றல் உறுதிப்பாடு'. மூன்று பேர் சரி என்றீர்கள். அனுப்பிவிட்டேன்.

மேலூர்:
உறுதிப்பாடு வங்கிக் கடன் மாதிரி இருக்கிறது. அடுத்த பதிப்பில் ஏமத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். ஏமாப்பு (பாதுகாப்பு), ஏமாற்றம் இரண்டின் வேரும் ஒன்றா என்று தனி மடல் எழுதுகிறேன்.