குறுந்தொகை 40: அந்த முச்சீர் அடியில் புலவரின் கை இருக்கிறதா?

பனங்காடு:
பாட்டு ஐந்தே அடி, முழுசாகவே போடுகிறேன்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

மற்ற அடிகளில் நான்கு சீர் (அடியை ஓசைப்படி பிரிக்கும் துண்டு), நான்காம் அடியில் மட்டும் மூன்று. என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார் என்று கேள்வி கேள்வியாக வந்த பாட்டு இங்கே ஒரு சீரை விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறது. அந்த மௌனத்தில்தான் செம்மண்ணில் மழை விழுகிறது.

ஆற்றுமணல்:
நண்பரே, அது இந்தப் பாட்டின் பா வகையான நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, முச்சீராகத்தான் வரும். விதி தந்ததைப் புலவர் கணக்கில் எழுதாதீர்கள். 3-ஆம் பாடல் ‘நிலத்தினும் பெரிதே’யில் ஈற்றயலடி ‘கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு’. அதுவும் முச்சீர்தான். அங்கே நிற்க முடியுமா? ‘பெருந்தேன் இழைக்கும்’ என்று ஓடித்தான் ஆகவேண்டும்.

பனங்காடு:
சரி, இடம் விதி தந்தது. அதில் எதை வைப்பது என்பது யார் முடிவு? இங்கே உவமை முழுவதும், ‘போல’ என்ற உருபு உட்பட, அந்த மூன்று சீருக்குள் அடங்கிவிடுகிறது. குறிஞ்சிப்பூ அடியில் அப்படி எதுவும் முடியவில்லை.

திண்ணை:
இரண்டு பேரும் அடிகளின் தொடக்கத்தைப் பார்க்கவில்லையே. யாயும், எந்தையும், யானும்: மூன்றுக்கும் அடியெதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது) கிடையாது. மோனைதான் (முதலெழுத்து ஒன்றிவருவது) இருக்கிறது, அதுவும் அடிக்குள்ளேயே (யாயும்–யாரா, எந்தையும்–எம்முறை). அப்புறம் செம்புல, அன்புடை. ம், ன் என்று மெல்லின எதுகை. அலகிட்டு, அதாவது அசை பிரித்துப் பாருங்கள், இரண்டுமே கூவிளம் (நேர் நிரை என்ற ஒரே ஓசை அமைப்பு). உறவில்லாத மூன்று அடிகளுக்குப் பிறகு மண்ணும் நெஞ்சும் ஒரே இடத்தில், ஒரே ஓசையில் வந்து சேர்கின்றன. எனக்குப் பாட்டின் உயிரே இங்கேதான்.

ஆற்றுமணல்:
திண்ணை சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். அடியெதுகை இல்லாமலும் ஆசிரியப்பா நிற்கும், ஆகவே அது புலவர் தேடி வைத்தது. மௌனத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. ‘கலந்தன’ என்ற ஒரே சொல் ‘தாங்கலந் – தனவே’ என்று இரண்டு சீராக உடைகிறது. வாசிக்கும்போது உடைத்தா வாசிக்கிறோம்? சீர்க்கணக்கு வேறு, மூச்சு வேறு. ‘போல’ என்றதும் என் மனம் நிற்பதில்லை, எது கலந்தது என்று அடுத்த அடிக்குத் தாவுகிறது.

பனங்காடு:
நீங்கள் தாவுகிற அந்த இடைவெளியைத்தான் நான் மௌனம் என்றேன். உரக்க வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.