நெல்லையிலிருந்து சென்னைக்கு இரண்டு குழந்தைகளுடன்: வீட்டை முதலில் பார்ப்பதா, காப்பகத்தை முதலில் பார்ப்பதா?

பொருநைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரியும் எனக்குச் சென்னை கிண்டிக்கு மாற்றல் ஆணை வந்திருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் பொறுப்பேற்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்த என் கணவரையும் அவருடைய நிறுவனம் வாரத்தில் நான்கு நாள் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டதால், குடும்பத்தோடு இடம் மாறுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

மூத்தவள் இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், சின்னவனுக்குப் பதினான்கு மாதம். இதுவரை இருவரையும் ஆச்சியும் தாத்தாவும்தான் பார்த்துக்கொண்டார்கள். காப்பகம் என்ற ஒன்றின் வாசலைக்கூட நாங்கள் மிதித்ததில்லை. தாத்தாவுக்கு வாரம் இருமுறை மருத்துவமனை செல்ல வேண்டியிருப்பதால் அவர்கள் நிரந்தரமாக எங்களோடு வர முடியாது.

தரகர் ஒருவர் வேளச்சேரியைச் சொல்கிறார். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் இருக்கிறது என்பது அவர் வாதம். கணவர் தம் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே சோழிங்கநல்லூரில் இருந்துவிடலாம் என்கிறார், ஏனென்றால் அவருடைய வளாகத்தில் காப்பகம் ஒன்று உண்டு. என் தோழி ஒருத்தி குரோம்பேட்டையைச் சொன்னாள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்துதர வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்து வரலாம் என்ற விதி 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டதை அறிவேன். ஆனால் என் கிளையில் நாங்கள் பதினெட்டுப் பேர்தான், அதனால் அந்த வழி எனக்கு இல்லை. குழந்தைகளோடு இப்படி இடம் மாறியவர்கள் எதை முதலில் முடிவு செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

குரோம்பேட்டைவாசி:

சகோதரிக்கு வணக்கம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே குழப்பத்தோடு சென்னை வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தரகர் சொல்லும் "நடுவில்" என்பது வரைபடத்தில் மட்டுமே இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல், மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குக் காப்பக வாசலில் நிற்பீர்கள் என்று மட்டும் கணக்கிடுங்கள். காலையில் தாமதமானால் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்பதோடு போய்விடும். மாலையில் தாமதமானால், மற்றக் குழந்தைகள் எல்லாம் போன பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கம்பிக்கதவைப் பிடித்தபடி உங்கள் குழந்தை நிற்கும், பக்கத்தில் ஆயா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டில் அந்தக் காட்சி இரண்டு முறை நடந்தது.

உங்கள் இருவரில் ஒருவருக்காவது நேரம் தவறாத பயணம் வேண்டும். உங்கள் அலுவலகம் கிண்டியில் இருப்பதால் அந்த வாய்ப்பு உங்களுக்குத்தான். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் கிண்டியில் ஏறினால் பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் தாண்டி ஆறாவது நிறுத்தம் குரோம்பேட்டை. சாலையில் எத்தனை நெரிசல் இருந்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் மாறாது. ஆறு மணிக்குக் கிளையைவிட்டுக் கிளம்பினால், நிலையத்துக்கு நடப்பதையும் வண்டிக்குக் காத்திருப்பதையும் சேர்த்தாலும் ஏழு மணிக்குள் காப்பகத்தில் இருக்கலாம். உங்கள் கணவருக்குப் பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலை வழியாக ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) சென்று தெற்கே திரும்பும் வழி இருக்கிறது. மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகவும் சோழிங்கநல்லூர் போகலாம். இரண்டு பாதைகளிலும் இரண்டாம் கட்ட மெட்ரோ பணிகள் குறுக்கிடுவதால் அவருடைய பயணம் எளிதாக இருக்காது என்பதை மறைக்கவில்லை. ஆகவே காப்பகத்திலிருந்து அழைத்து வரும் பொறுப்பை அவரிடம் கொடுக்காதீர்கள். காலையில் கொண்டுவிடும் பொறுப்பு அவருடையதாக இருக்கட்டும்.

வளாகக் காப்பகம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே குழந்தையை விட்டால் அவருக்கு விடுப்பு என்றாலும், அவர் வெளியூர் போனாலும், வீட்டிலிருந்து வேலை செய்யும் அந்த ஐந்தாவது நாளிலும் குழந்தையை யார் எங்கே கொண்டுபோவது?

உள்ளூர்க்காரனாக இன்னொன்று. குரோம்பேட்டையைத் தண்டவாளம் இரண்டாகப் பிரிக்கிறது. வீடு, காப்பகம், மூத்தவளின் பள்ளி மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்குமாறு பாருங்கள். கிழக்கே ராதா நகர், நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம் பக்கம் இருந்தால் உங்கள் கணவரும் காலையில் தாம்பரம் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இரட்டையர் அம்மா:

மேலே எழுதியவரின் கணக்கை ஏற்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். காப்பகத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். காப்பகத்திலிருந்து மூன்றாவது தெருவில், கூடுதல் வாடகை கொடுத்து வீடு பிடித்தோம். எட்டாவது மாதம் காப்பகம் காலி செய்துவிட்டு நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, ஏனென்றால் அதுவும் ஒரு வாடகை வீட்டில்தான் நடந்துகொண்டிருந்தது, உரிமையாளர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார் என்று அவர்களுக்கே ஒரு மாதத்துக்கு முன்தான் தெரிந்தது. சென்னையில் சிறிய காப்பகங்களில் பல இப்படித் தனி வீடுகளில்தான் இயங்குகின்றன. ஆகவே ஒரு காப்பகத்தை நம்பி வீடு பார்க்காதீர்கள். நடந்து போகும் தூரத்தில் குறைந்தது இரண்டு காப்பகங்களாவது இருக்கும் பகுதியாகப் பாருங்கள். முதல் காப்பகத்தில் வாடகை ஒப்பந்தம் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்பதற்குக் கூச்சப்படவும் வேண்டாம்.

பார்க்கப் போகும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை பதினோரு மணிக்கு வரச் சொல்வார்கள். அந்த நேரத்தில் எந்தக் காப்பகமும் அழகாகத்தான் இருக்கும், சுவரில் யானையும் ஆப்பிளும் வரைந்திருக்கும், பொறுப்பாளர் சிரித்த முகத்தோடு கட்டண அட்டையை நீட்டுவார். நீங்கள் மாலை ஐந்தரைக்குச் சொல்லாமல் போங்கள். அந்த நேரத்தில் காலையிலிருந்த ஆயாக்களில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள், தொலைக்காட்சி ஓடுகிறதா, அழுகிற குழந்தையை யாராவது தூக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் பால் புட்டிகள் ஒரே வாளியில் மிதந்துகொண்டிருந்தன, எந்தப் புட்டி யாருடையது என்று கேட்டதற்கு "எங்களுக்குத் தெரியும்மா" என்றார்கள். அடுத்த இடத்தில் ஒவ்வொரு டம்ளரிலும் துணியில் எழுதும் பேனாவால் குழந்தையின் பெயர், அதற்குக் கீழே ஒரு புள்ளி இருந்தது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குச் சிவப்புப் புள்ளி என்றார் அங்கிருந்த அம்மா. கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தும் அங்கேயே சேர்த்தேன்.

கண்டிப்பாகக் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஒன்றரை வயதுக்குட்பட்டவர்களைத் தனி அறையில் வைத்திருக்கிறார்களா அல்லது ஓடியாடும் நான்கு வயதுப் பிள்ளைகளோடு ஒன்றாக விட்டிருக்கிறார்களா என்பது முதலாவது. காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் அனுப்பக் கூடாது, அந்த நாள்களுக்கும் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆண்டில் மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி எழும், அப்போது யார் விடுப்பு எடுப்பது என்பதை நீங்கள் இருவரும் இப்போதே பேசி வையுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள், அதைச் சாமான் மூட்டையில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். உங்கள் சின்னவனுக்குப் பதினாறாவது மாதத்திலிருந்து அடுத்த தவணை ஊசிகள் தொடங்கும், அது நீங்கள் வந்திறங்கும் நேரமாகத்தான் இருக்கும்.

சேர்த்த முதல் நாளே முழு நாளும் விட்டுவிட வேண்டாம். முதலில் ஒரு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாடு வரை, அதன் பிறகு தூக்கம் வரை என்று இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சி மடியிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அவ்வளவாவது வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அம்மா, மூத்த பெண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சில வரிகள். மாற்றுச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் போதும் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் மாணவர் விவரம் முழுவதும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் இருக்கிறது. பழைய பள்ளி குழந்தையின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு, அதாவது எல்லாரும் சொல்கிற "காமன் பூலுக்கு" அனுப்பினால்தான் புதிய பள்ளி அதை எடுத்துச் சேர்த்துக்கொள்ள முடியும். மே மாத விடுமுறையில் பள்ளி அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள். சான்றிதழ் வாங்கும் அன்றே இதையும் செய்துவிட்டார்களா என்று உறுதிசெய்துகொண்டு, எமிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தை இந்த ஆண்டே மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ஊர், வீடு, தோழிகள், ஆச்சி என்று எல்லாம் ஒரே சமயத்தில் மாறும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புத்தகமாவது பழகியதாக இருக்கட்டும்.

பள்ளி மூன்றரை மணிக்கு விட்டால் ஏழு மணி வரை அவள் எங்கே இருப்பாள் என்பதையும் யோசியுங்கள். தம்பி இருக்கும் காப்பகத்திலேயே பள்ளி நேரத்துக்குப் பிறகு அவளையும் பார்த்துக்கொள்வார்களா, பள்ளி வேன் அந்த வாசலில் இறக்கிவிடுமா என்ற இரண்டையும் கேட்ட பிறகே பள்ளிக்குப் பணம் கட்டுங்கள்.

கீழ்க்கட்டளை:

வீட்டைப் பற்றி இரண்டு செய்திகள் மட்டும். நீங்கள் கோடையில் வந்து பார்ப்பீர்கள், அப்போது எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழை தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் படகு விட்டார்கள். இந்தச் சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கித்தான் போக வேண்டும், வழியில் இருக்கும் தாழ்வான மனைகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தரகரிடம் கேட்காமல் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் கேளுங்கள். காப்பகத்துக்கும் இதே கேள்வி பொருந்தும், ஏனெனில் அது பெரும்பாலும் தரைத்தளத்தில்தான் இருக்கும்.

முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்கும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் சொல்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்பதால், கையெழுத்திடும் முன்பே பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சென்ற வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு வந்தோம்.

வேளச்சேரியில் பார்த்த வீடு உண்மையிலேயே அழகாக இருந்தது. ஆனால் கீழ்வீட்டுக்காரர் அடுக்களை அலமாரியின் கீழ்த்தட்டு மூன்றையும் காலியாகவே வைத்திருந்தார். காரணம் கேட்டதற்கு "டிசம்பர் போகட்டும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. குரோம்பேட்டையில் கிழக்குப் பக்கம் முதல் மாடியில் ஒரு வீடு அமைந்திருக்கிறது, முன்பணம் நான்கு மாதத்துக்கு இறங்கி வந்தார்கள். நடக்கும் தூரத்தில் மூன்று காப்பகங்கள் இருக்கின்றன. வேலைநாளில் போகாமல் சனிக்கிழமை போனதால் ஒன்று மூடியிருந்தது, மற்ற இரண்டையும் மாலை ஐந்தரைக்கே சென்று பார்த்தோம். ஒன்றில் எங்களை உள்ளே விடவில்லை. இன்னொன்றில் ஒரு பெரியம்மா, கையில் பருப்புசாதக் கிண்ணத்தோடு வந்து கதவைத் திறந்து, "குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, இப்படி ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்" என்றார். ஒன்றரை வயதுக்குட்பட்டவர்கள் அங்கே ஐந்து பேர், அவர்களுக்குத் தனி அறையும் இரண்டு ஆயாக்களும் இருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டு, அந்த வீடு அவருடைய தம்பியுடையது என்றார். பள்ளி வேன் அந்தத் தெருவுக்குள் வராது, முனையில்தான் நிற்கும். அங்கிருந்து மூத்தவளை அழைத்துவர ஆயா வருவார், அதற்குத் தனியாக மாதம் ஒரு தொகை.

காய்ச்சல் நாள்களைப் பற்றி இரயிலில் திரும்பும்போது நானும் கணவரும் பேசினோம். முதல் நாள் அவர், இரண்டாம் நாள் நான் என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. முதல் ஆறு வாரம் மட்டும் ஆச்சி எங்களோடு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், அதுவரை தாத்தாவை என் தம்பி பார்த்துக்கொள்வான். பட்டணத்தில் தனியாக வீட்டில் அடைந்து கிடக்க முடியாது, செவ்வாய்க்கிழமை நடந்து போய்வர ஒரு முருகன் கோயில் இருக்கிறதா என்பது மட்டும் அவர்களுடைய கேள்வி. குரோம்பேட்டைக்காரர்கள் சொல்லுங்கள்.

குரோம்பேட்டைவாசி:

இருக்கிறது, குமரன்குன்றம். பெயரிலேயே குன்று இருப்பதால் படி ஏற வேண்டும், ஆச்சியின் முழங்கால் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு போகச் சொல்லுங்கள். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற வேண்டாம், அவனை ஏழு மணிக்கு நீங்கள் அழைத்துவந்துகொள்ளலாம்.